வேலிக்குக் குறுக்கே ஒரு பெஞ்சு

அப்பாவுக்குப் பிழைப்பு கோடு போடுவது. சதுரங்கப்பட்டினத்தை ஒட்டி, சவுக்குத் தோப்பை வெட்டிச் சமன்செய்த மணல்வெளியில் எழுந்துகொண்டிருந்த கட்டடங்களுக்கு அவர் நாள் முழுக்கப் பலகைமேல் குனிந்து வரைபடம் போட்டார். மயிரிழை பிசகாத கை என்று பெயர். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் தன் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்டு பெஞ்சு கட்டி, அதில் பாதியை வேலிக்கு வெளியே விட்டுவிட்டார் என்பது, எழுபதுகளின் நடுவில், எங்கள் குடியிருப்பு வெகுநாள் வைத்துச் சிரித்த கதை.

நானும் சிரித்தேன். பிறகு வெட்கப்பட்டேன். பிறகு மறந்துபோனேன். எட்டு வயதில் மனிதர்கள் இப்படித்தான் பொழுதைக் கழிக்கிறார்கள்.

குடியிருப்பு முழுக்க மணல். பாயில் மணல், சோற்றில் மணல், பாடப்புத்தகத்தின் நடுமடிப்பில் மணல். கடல்காற்று எழுந்துவிட்டால் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு போவார்கள். யார் அழுகிறார்கள், யாருக்கு மணல் விழுந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மதுரைப் பக்கத்திலிருந்தும் கோவைப் பக்கத்திலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள் அந்த மணலுக்குள் சொந்த ஊர் மண்ணைத் தேடித் தேடி ஒரு கறிவேப்பிலைக் கன்றையோ ஒரு முருங்கைக் குச்சியையோ ஊன்றிவிட்டு, காலையும் மாலையும் போய் நின்று பார்த்தன.

எங்களுக்கு முதலில் ஒதுக்கியது பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு நல்ல வீடு. அப்பா அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் கிழக்கு வேலியை ஒட்டிய வீட்டை மாற்றிக்கொண்டார். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகள் ஒரே வருடத்தில் துருவேறி உதிரும் வீடு. மாற்றிக்கொண்டவர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாராம். அப்பாவுக்கு விவரம் போதாது என்ற பேச்சு அன்றே தொடங்கிவிட்டது.

வேலி என்றால் முள்கம்பி. கல் தூண்களுக்கிடையே நான்கு வரிசை. அதற்கு அப்பால் ஒற்றையடிப் பாதை. பாதைக்கு அப்பால் மணல்மேடு, பனைகள், ஓலைக்கூரைகள், கட்டுமரங்கள், கடல். அம்மா பிறந்தது அந்த ஓலைக்கூரைகளில் ஒன்றின் கீழே.

இது அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடட்டும். என் அறியாமையை உங்கள் தலையிலும் ஏன் கட்ட வேண்டும்? குப்பத்திலிருந்து செங்கல்பட்டு விடுதிக்குப் போய் ஆசிரியைப் பயிற்சி படித்த அம்மா, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த, வேறு சாதிக்காரரான அப்பாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கடலோரக் குப்பங்களில் பஞ்சாயத்தார் சொல்வதுதான் சட்டம். கோயில் முன்னால் கூடி அவர்கள் சொன்னார்கள்: அவள் ஊர் எல்லைக்குள் வரக்கூடாது. ஊர்க்காரர் எவரும் அவள் மனைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. மீறின வீட்டு வலை கடலில் இறங்கக்கூடாது. வலை இறங்காவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் யாரும் மீறவில்லை.

அவளுக்கு மீன் விற்கக்கூடாது என்று மட்டும் அவர்கள் சொல்ல மறந்துவிட்டார்கள். அல்லது மறந்ததுபோல விட்டுவிட்டார்கள்.

தினமும் காலையில் தலையில் கூடையோடு அந்த ஒற்றையடிப் பாதையில் வந்து, எங்கள் கொல்லைக்கு நேரே நின்று குரல் கொடுத்த பெண்ணை நான் மீன்காரம்மா என்று அழைத்தேன். அவள் என் பெரியம்மா. அம்மாவுக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

மற்ற வீடுகளில் அவள் முன்பக்கமாகச் சுற்றிவந்து, கொல்லைப்படியில் கூடையை இறக்கி, மீனை நறுக்கிக் கழுவிக் கொடுத்துவிட்டு, வெற்றிலைக்குக் காம்பு கிள்ளியபடி ஊர்க்கதை பேசுவாள். எங்கள் வீட்டில் மட்டும் வேலிக்கு வெளியே நிற்பாள். அவள் வெளியே, அம்மா உள்ளே, நடுவே கம்பி. ஒரு கூறு மீன் வாங்க அம்மாவுக்கு அடுப்பில் உலை கொதித்து அடங்கும் நேரம் ஆகும். நான் அதைப் பேரம் என்று நினைத்தேன். என் அம்மாவைப்போல் பேரம்பேச ஆளில்லை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

வீட்டுக்குள் அம்மாவின் தமிழ் சலவைசெய்த தமிழ். தெருவில் நான் பொறுக்கிவந்த 'இன்னா'வுக்கும் 'கீது'வுக்கும் முட்டியில் ஸ்கேல் விழும். ஆனால் வேலியோரம் போய் நின்றால் அம்மாவின் நாக்கு செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கிவிடும்.

"இன்னாக்கா, மூஞ்சி தொங்கிகினு கீது?"

"ஒண்ணுமில்ல போடி. முட்டி வலி. நின்னு நின்னு காலு மரத்துப்போச்சி."

"ஒக்கார்றதுதானே?"

"எங்க ஒக்கார்றது? ஒன் தலை மேலயா?"

மீன்காரியைப் போலவே பேசிக் கேலி செய்கிறாள் அம்மா என்று நினைத்து, நான் சுவரோரம் நின்று ரசிப்பேன்.

அந்த வருடம் ஐப்பசி மழை ஓய்ந்தபோது அம்மா உண்டாகி நாலு மாதம் ஆகியிருந்தது. ஏழாம் மாதம் தையில் வரும். ஏழாம் மாதத்தில் பிறந்த வீட்டார் வந்து கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்க வேண்டும். வயிற்றுக்குள் இருப்பது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வெளியே தனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் என்று குப்பத்தில் சொல்வார்கள். நான் வயிற்றில் இருந்தபோது யாரும் வரவில்லை. செங்கல்பட்டுக் கடைத்தெருவிலிருந்து அப்பாவே வளையல் வாங்கிவந்தார். அம்மா அவற்றைப் போட்டுக்கொள்ளாமல் சுவரில் ஆணியில் மாட்டிவைத்தாளாம். நான் சத்தம் கேட்காமல் பிறந்தவள்.

அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"இந்தத் தடவை அக்கா கையாலதான். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து. நடுரோட்டுல நின்னுகிட்டு இல்ல."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. குடியிருப்பில் அம்மாவுக்குத் தெருவுக்கு நாலு அக்கா.

அதே நாட்களில், கார்த்திகையில், குடியிருப்பு மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். குடியரசு தினத்தன்று தோட்டப் போட்டி. வீட்டுக்காரர்களே தங்கள் கையால் செய்த தோட்டமாக இருக்க வேண்டும், தோட்டக்காரர் வைக்கக்கூடாது. முதல் பரிசு சுவர்க்கடிகாரம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கடிகாரம் அப்பாவின் மணிக்கட்டோடு அலுவலகம் போய்விடும். நானும் அம்மாவும் ஆலைச் சங்கையும் பசியையும் வைத்து மணி பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கடிகாரம் எனக்கு வேண்டும். அதைத் தவிர அந்தத் தை மாதத்திடமிருந்து நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அப்பா ஒரு டிரேசிங் தாள் கொண்டுவந்து கொல்லைக்கு வரைபடம் போட்டார். வளைந்துபோகும் செங்கல் பாதை. நடுவே புல்தரை. ஓரம் கட்டிக் குரோட்டன்ஸ். பாதையின் இரு பக்கமும் சுண்ணாம்பு அடித்த கற்கள். கிழக்கே, வேலியில், ஒரு பெஞ்சு. தாளை மணலில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். காற்று கல்லை விட்டுவிட்டுத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.

பிறகு சனி, ஞாயிறுகள் எல்லாம் கொல்லையில்தான். இருவருக்கும் அந்த வேலை தெரியாது. அப்பா பரம்பரையாக நிலம் இருந்த வீட்டில் பிறந்து, வரப்பில் நின்று வேடிக்கை பார்த்து வளர்ந்தவர். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணில் முளைக்காதவை. திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து ஒரு வண்டி ஏரி வண்டல் வந்து இறங்கியது. அப்பா கறுப்பு மண்ணை மணல்மேல் பாய் விரிப்பதுபோல் விரித்தார். அடுத்த நாள் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் போன இடம் தெரியவில்லை. இன்னொரு குடம் ஊற்றினார். குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"எங்கங்க போச்சு?" என்று கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மேற்பார்வை செய்த அம்மா கேட்டாள்.

"இலங்கைக்குப் போயிருக்கும்."

அருகம்புல்லைப் பெயர்த்துவந்து பதித்தார்கள். காற்று ஒரே ராத்திரியில் அதன் வேரடி மணலை வாரிக்கொண்டு போக, காலையில் புல் எல்லாம் விரல் நுனியில் நிற்பதுபோல் நின்றது. அம்மா வேலியோரம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள். மறுநாள் மீன்காரம்மா கூடையில் ஒரு கிழிந்த வலையைச் சுருட்டி வந்து கம்பிமேல் போட்டுவிட்டுப் போனாள். அதைப் புல்மேல் விரித்து ஓரங்களில் கல் வைத்தார்கள். மணல் நின்றது. கண்ணிகளுக்குள்ளிருந்து புல் தலைநீட்டத் தொடங்கியது. குரோட்டன்ஸுக்கு மீன்தலையும் குடலும் புதைத்தார்கள். இலைகள் செழித்தன, தெருப் பூனைகளும் செழித்தன. பக்கத்து வீட்டு மாமி மூக்கைப் பிடித்துக்கொண்டே துணி உலர்த்தினாள்.

இதற்குள் அப்பாவுக்கு ஒன்று நேர்ந்துவிட்டது. அவர் தோட்டத்தை நம்ப ஆரம்பித்துவிட்டார். சுவர்க்கடிகாரம் அவர் கண்ணிலும் தெரிய ஆரம்பித்தது. அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் கொல்லைக்குப் போனார். ஒருநாள் மாலை இடுப்பில் கைவைத்து நின்று சொன்னார்:

"பெஞ்ச வேலியில வச்சா நல்லாருக்காதும்மா. பார்வையே கெட்டுடும். புல்தரைக்கு நடுவுல வைப்போம். பெரிய பங்களால எல்லாம் அப்படித்தான்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரைக் கொண்டுவந்து செடிக்கு ஊற்றாமல், அப்பாவின் செங்கல் பாதைமேல் ஊற்றினாள்.

"எனக்குத் தோட்டமா வேணும்?" என்றாள்.

அவ்வளவுதான். அப்பா சட்டையைக் கழற்றப் போனார். இரவு சாப்பாட்டின்போது, "வேலியிலயே வச்சுடலாம்" என்றார். நான் அம்மாமேல் கோபமாக இருந்தேன். நடுவில் வைத்திருந்தால் கடிகாரம் நிச்சயம் என்று எனக்குத் தோன்றியது.

பெஞ்சு கட்ட, பக்கத்திலேயே கிடந்த கடல் மணலை அள்ளாமல் பாலாற்று மணல் வரவழைத்தார்கள். சாமான் வந்த மரப்பெட்டியைப் பிரித்து அச்சு செய்தார்கள். இரண்டு செங்கல் கால்கள். ஒன்று வேலிக்கு உள்ளே, ஒன்று வெளியே. அடிக்கம்பிக்கு மேலே, அடுத்த கம்பிக்குக் கீழே, குறுக்காகப் பலகை போகும். ஆக, பெஞ்சின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் உட்கார்ந்தால் நடுவே மீதிக் கம்பிகள் ஓடும். வெளிக்காலுக்குக் குழிதோண்ட அப்பா வேலிக்கு வெளியே போய் முட்டிபோட்டிருந்தார். மீன்காரம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தாள்.

"மம்முட்டி புடிக்கிற அழகப் பாரு! பேனா புடிக்கிற மாரி. ஏ மாப்ள, அது எழுதாது, வெட்டும்!"

அப்பா சிரித்தார். அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாரையும் மச்சான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு மாமா சொல்லியிருந்ததால் எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. குழியில் கால் எழும்பியதும் அவள் வெளியே நின்றபடியே சுற்றி மணலைத் தள்ளி, வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்கினாள். அவ்வளவு சிரத்தையாக ஒருவர் மணலை மிதித்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக அப்பா ஒரு வேலை செய்தார். பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, பெஞ்சுக்கு மேலே ஓடிய கம்பிகளில் ஒவ்வொரு முள்ளாகச் சுற்றிக் கட்டினார். ஒரு ஞாயிறு காலை முழுக்க. என் கவுன் கிழியாமல் இருக்கத்தான் என்று நினைத்து, நான் அவருக்கு நன்றிகூடச் சொன்னேன். "சரி சரி" என்றார்.

குடியிருப்பு வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு மாமா பெஞ்சைச் சுற்றி வந்தார். சுற்றி வர முடியாமல் வேலியில் முட்டி நின்றார்.

"சார், இதுல உக்கார பாஸ்போர்ட் வேணுமா?"

"உள்ள இருக்கிற பாதிக்கு வேண்டாம்" என்றார் அப்பா.

"ஊருக்கெல்லாம் கோடு போடுறீங்க. சொந்த வீட்டுக்குப் போட்டா வேலிய தாண்டிடுச்சே!"

பள்ளியில் என்னை வேலிப்பெஞ்சு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் இருக்கையில் நான் உட்காரும்போது, பாதிதான் உட்கார வேண்டும் என்று பின்னால் இருந்தவள் சொல்லிக்கொடுத்தாள்.

குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு நடுவர்கள் வீடு வீடாக வந்தார்கள். மன்றச் செயலாளர், பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி, கூடவே வேலி, சாலை எல்லாம் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர். அதிகாரியின் மனைவி வலைக்குள்ளிருந்து எழும்பிய புல்லைப் பார்த்து "பலே" என்றார். குரோட்டன்ஸைத் தொட்டுப் பார்த்தார். என் இதயம் சுவர்க்கடிகாரம்போல் அடித்தது. பிறகு கிழக்கே திரும்பினார்.

"இது என்ன, பாதி வெளிய போயிருக்கு?"

"அளவு தப்பிடுச்சுங்க" என்றார் அப்பா.

மயிரிழை பிசகாத கை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மூவரும் சிரித்தார்கள். நல்ல மாதிரியான சிரிப்புதான். மேற்பார்வையாளர்தான் சிரிப்பை முதலில் நிறுத்தினார்.

"வேலிக்கு வெளிய நாம எதுவும் கட்டக்கூடாது சார். தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு ஆள் அனுப்புறேன், வெளிய இருக்கிறத ஒடச்சி எடுத்துடுவாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். வளையலுக்குக் குறித்திருந்த நாள் வரப்போகிற வெள்ளிக்கிழமை. அதற்கு இன்னும் நாள் இருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்குங்க?" என்றாள் அம்மா.

"பத்து மணிக்கு மேல ஆவும்மா."

"சரிங்க" என்றாள். காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளர்களை நீட்டும்போதும் அவள் ஒற்றையடிப் பாதையையே பார்த்தாள். மீனுக்கு என்று நினைத்தேன்.

மாலையில் பரிசளிப்புக்கு நானும் அப்பாவும் மட்டும் போனோம். அம்மா வரவில்லை. சந்தையில் மீன் விற்றுவிட்டுக் கூடைக்காரிகள் திரும்பும் நேரம் அது. அம்மா வேலியோரம் போய் நின்றுகொண்டாள். செருப்பு தேடத் திரும்பி வந்தபோது அவர்கள் பேசுவது கேட்டது.

"நாளைக்கி தேய்பிறைடீ."

"வேற நாளு இல்லக்கா. ஒடச்சிடுவாங்க."

"சரி வுடு. பொறக்கப்போறது பஞ்சாங்கம் பாத்துகினா கீது? வெடிகாலையில வர்றேன். எங்க ஊட்டுக்காரருகிட்ட ஒண்ணும் சொல்லல, கேட்டா வலைய நெனச்சி மெரண்டுக்கும்."

சுவர்க்கடிகாரம் வேறொரு வீட்டுக்குப் போனது. எங்களுக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்புப் பெட்டி. பெயரைப் படித்தபோது யாரோ "வேலி" என்று கத்த, மன்றமே கைதட்டியது. அப்பா மேடையேறி, கடிகாரம் வாங்குகிறவரைப்போல் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் கேட்டார்:

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

என் தோல்வியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் எனக்கு விழிப்பு வந்தது. கொல்லையில் பேச்சுக்குரல். போய்ப் பார்த்தேன். மீன்காரம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. ஆனால் எங்கள் வீட்டில் இல்லை, வெளிப்பாதியில். உள்பாதியில் அம்மா பட்டுப்புடவையில். கம்பிகள் இருவருக்கும் நடுவே போயின.

கூடையில் மேலாக ஒரு வரிசை கவளை மீன். அதற்குக் கீழே ஈரச்சாக்கு. சாக்குக்குக் கீழே வாழையிலைப் பொட்டலம். அவள் அதைப் பிரித்தாள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். அம்மா இரண்டு கைகளையும் கம்பிக்கு வெளியே நீட்டினாள். சைக்கிள் டியூப் சுற்றிய முட்கள் அவள் மணிக்கட்டில் அழுந்தி, கீறாமல் விட்டன. மீன்காரம்மா ஒவ்வொன்றாக ஏற்றினாள். கை வீங்கியிருந்தது. ஒரு வளையலுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே அவள் அம்மாவின் விரல்களைச் சேர்த்துப் பிடித்து அழுத்திக் குவித்தாள். பிறகு சந்தனம் தொட்டு அம்மாவின் கன்னத்தில் தடவ அவள் கை உள்ளே வந்தது. கை வரலாம். பஞ்சாயத்தில் காலைப் பற்றித்தான் பேச்சு.

அப்பா குரோட்டன்ஸ் பக்கம் பூவாளியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். பூவாளியில் தண்ணீர் இல்லை.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"வா, நீயும் குந்து" என்றாள் மீன்காரம்மா. பொட்டலத்தில் சின்ன வளையல்களும் இருந்தன. எனக்கென்றே அளவெடுத்ததுபோல் சரியாக ஏறின. "கையப் பாரு. அப்பிடியே ஒங்க அம்மா கை" என்றாள். என் கையை வெகுநேரம் விடவில்லை. அவள் விரல்களில் செதில் ஒட்டியிருந்தது. நான் இழுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒற்றையடிப் பாதையில் இன்னொரு கூடை வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு மருமகள். அவளும் எங்கள் தெருக்களில் மீன் விற்பவள்தான். மணல்மேட்டுத் திருப்பத்தில் வந்து நேருக்கு நேராக நின்றுவிட்டாள். அவள் பார்க்காதது ஒன்றுமில்லை. பட்டுப்புடவை, சந்தனம், கை நிறைய வளையல், கம்பி. மீன்காரம்மா எழுந்திருக்கப் போனவள், எழுந்திருக்காமல் அப்படியே இருந்தாள். அம்மாவின் கைகள் வேலிக்கு வெளியே நின்றபடி நின்றன. அப்பா பூவாளியோடு திரும்பினார்.  கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

அந்த மருமகள் சட்டென்று முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அட பேஜாரு! கண்ணுல மண்ணு வுழுந்துட்ச்சே. ஒண்ணுமே தெர்லியே. ஆரு அங்க குந்திகினு கீறது?"

"நான்தாண்டி" என்றாள் மீன்காரம்மா. அவள் குரல் வேறாக இருந்தது.

"நீ மட்டுந்தானேக்கா? யாவாரத்துக்குக் குந்திகினியா? சரி சரி. எனுக்கு ஒண்ணும் தெர்ல."

நான் வேலியருகே ஓடினேன். கண்ணில் மணல் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். குடியிருப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும்.

"கசக்காதீங்க! நான் ஊதட்டுமா? தண்ணி கொண்டாரட்டா?"

அவள் முந்தானையை எடுக்காமலே, ஒரு கண்ணால், என்னையும் என் கையில் இருந்த வளையலையும் பார்த்தாள்.

"வேணாம் கண்ணு. எங்கூரு மண்ணு. தானா போய்டும்."

அப்படியே கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குறுகலான பாதையில், நெருஞ்சி இருந்த இடத்தைச் சரியாகத் தாண்டி அவள் போனாள். திருப்பத்தில் மறைந்ததும் மீன்காரம்மா அம்மாவின் கைகளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வளையல்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டன. தம்பி கேட்டிருப்பான்.

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வந்து வெளிப்பாதியை உடைத்தார்களாம். நான் பள்ளியில் இருந்தேன். அப்பா அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். சாயங்காலம் பார்த்தபோது அவர் உடைந்த முனையைச் சிமெண்டு பூசி மழுக்கிக்கொண்டிருந்தார், சீட்டி அடித்தபடி. பரிசும் போய் பெஞ்சும் போனவர் சீட்டி அடிக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. அம்மா உள்பாதியில் உட்கார்ந்திருந்தாள். அன்று பாத்திரம் முழுக்க அப்பாதான் தேய்த்தார். அம்மா கையை நனைக்கவே இல்லை. என் வளையலில் மீன் வாடை அடித்ததால், ஆறுதல் பரிசுப் பெட்டிக்குள் புதுச்சோப்பு வைத்து, அதை எடுத்துப் போட்டு நன்றாகக் கழுவினேன். அம்மா பார்த்தாள்.  தன் கையை மூக்கருகே வைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு வகுப்பில் என்னை வேலிப்பெஞ்சு என்று கூப்பிட்டபோது எனக்கு உறைக்கவில்லை. வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். காலையில் குரோட்டன்ஸ் இலை ஒன்றுகூட அசையவில்லை. பனைகள் வரைந்துவைத்தவைபோல் நின்றன. குப்பத்து அடுப்புப் புகை நேராக மேலே போனது. காற்றே இல்லாமல் அவள் கண்ணில் மட்டும் எப்படி மணல் விழுந்தது என்று எனக்குப் புரியவில்லை.